பதினெட்டு நாள் ரீடிங்

பார்க்காத ரீடிங்கை எழுதுவதில் எனக்கு நிகரான இன்னொரு ஆளை நான் கண்டதில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் இருந்த ஒரே திறமை அது. அதைக் கொண்டுபோய் வீட்டில் காட்டியதுதான் வினையாகிப் போனது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. கடினத் தண்ணீரை மென்தண்ணீராக்கி பாய்லருக்கு அனுப்புகிற பிளாண்டில் நான் ஆபரேட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீரைச் சோதித்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். நாங்கள் ஷிப்டு ஏறிய அரை மணியில் எட்டு மணி நேரத்தையும் எழுதி முடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவோம். அதற்கும் ஒரு தொழில்சுத்தம் உண்டு. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஆடிட்டுக்கு வருகிறவர் பிடித்துவிடுவார். கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கிப் போட வேண்டும். என்னோடு வேலை பார்க்கிற சோலைராஜ் இதற்கென்றே இரண்டு பேனா வைத்திருப்பான். நான் அவனுக்கும் ஒரு படி மேலே. நடுவில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போடுவேன். நிஜமாகவே பார்த்து எழுதுகிறவன்தானே தப்பு விடுவான்.

என் மனைவி கிருபாபாய் வேறு ஜாதி. எழுதுகிற விஷயத்தில் சொல்கிறேன். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் சயின்ஸ் லேபில் அவள் உதவியாளர். எங்கள் கொல்லையில் ஆயிரம் லிட்டர் பிடிக்கிற சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டி, அறுபத்து நாலு ஜிலேபிக் கெண்டைகளை வளர்த்தாள். தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் மூடி போட்ட டிரம்முக்கு ஏற்றும். டிரம்மின் வாயில் நாலு மடிப்பாகப் பேண்டேஜ் துணி, அதன் கீழே கரி, அதற்கும் கீழே கூழாங்கல். மீனின் கழிவு துணியில் தங்கிவிடும். வடிந்த தண்ணீர் சல்லி நிரப்பிய இரண்டு நீளத் தொட்டிகளுக்குப் போய், அங்கே தக்காளிக்கும் புதினாவுக்கும் பாய்ந்து, மறுபடி மீனுக்கே வந்து சேரும். மண் கிடையாது, உரம் கிடையாது. மீன் செடிக்குச் சோறு போட்டது, செடி மீனுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுத்தது. எங்கள் வீட்டில் சண்டையில்லாமல் நடந்த குடும்பம் அது ஒன்றுதான்.

இதற்கு ஒரு நோட்டு. தண்ணீரின் சூடு, கடினம், அமோனியா, துணி மாற்றிய விவரம், மீன் எண்ணிக்கை என்று ஐந்து கட்டம். மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாள். அதைப் பற்றித் தூத்துக்குடியில் இருக்கிற ஒரு மீன்வளப் பேராசிரியருக்கு இரண்டு வருஷமாகக் கடிதம் போட்டுக்கொண்டும் இருந்தாள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதம் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. இந்தத் தேதி புதன்கிழமை நேரில் வருகிறேன், தொட்டியையும் நோட்டையும் பார்க்க வேண்டும் என்று நாலு வரி. சோதனைக் குழாய் கழுவி வைக்கிறவளிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை. அந்தக் கார்டு அவளுடைய பைபிளுக்குள் போய்ச் சேர்ந்தது.

அதே வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய தங்கை ஞானபாக்கியத்துக்குப் பிரசவம். துணைக்கு ஆள் இல்லை. பதினெட்டு நாள் போய்த் தங்க வேண்டியதாயிற்று.

"நோட்டை உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்," என்றாள், பஸ் ஏறும்போது.

"ஏட்டி, எனக்கா ரீடிங் எடுக்கச் சொல்லித் தார?" என்றேன் நான்.

முதல் நாள் உண்மையாகவே எடுத்தேன். இரண்டாம் நாள் அமோனியா பார்க்கிற மருந்துப் பாட்டில் கை தவறிக் கீழே விழுந்து உடைந்தது. அந்த மருந்தில் நாலு சொட்டைத் தொட்டித் தண்ணீரில் விட்டால், அமோனியா இருந்தால் மஞ்சளாக மாறும். வேறு பாட்டில் பள்ளிக்கூடத்தில்தான் உண்டு, பள்ளிக்கூடமோ லீவு. ஒரு கட்டத்துக்கு மட்டும் பொய் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கவில்லை. ஒரே மூச்சில் பதினெட்டு நாளையும் ஐந்து கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். மூன்று பேனா பிடித்தது. பதின்மூன்றாம் நாள் வரிசையில் டீ டம்ளரை வைத்து எடுத்தேன். அழகான வட்டமாகக் கறை விழுந்தது. எழுந்து நின்று தள்ளி வைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு நோட்டை என்னால்கூடச் சந்தேகப்பட முடியாது.

எழுதி முடித்த பிறகு தொட்டிப் பக்கம் போக வேண்டிய அவசியம் என்ன? தீனி போடுவதோடு சரி.

பதினான்காம் நாள் டிரம் நாறத் தொடங்கியது. துணி அடைத்துக்கொண்டு, தண்ணீர் விளிம்பில் வழிந்தது. மூடியைத் திறந்து துணியையும் கரியையும் விலக்கினால், கூழாங்கல் முழுக்க பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று ஒரு பாசி. மில்லில் வடிகட்டி அப்படி இருந்தால் எனக்கு மெமோ. எனவே மில் வழக்கப்படியே செய்தேன். கல்லையெல்லாம் அள்ளிக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு முட்டை மாதிரி வெளுக்கும்வரை தேய்த்தேன். தொட்டித் தண்ணீரிலும் முக்கால் பாகத்துக்கு மேல் இறைத்துக் கொட்டினேன். கிருபா வழக்கமாகப் பக்கத்து வீட்டு அழகர் ராஜாவின் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் எடுப்பாள். குடம் குடமாகத் தூக்க வேண்டும். நான் மில் டெம்போ ஓட்டும் தவசிமுத்துவிடம் சொல்லி, நாலு டிரம் மென்தண்ணீரை வீட்டிலேயே இறக்க வைத்தேன். பாய்லரே குடிக்கிற தண்ணீர், மீனுக்கு என்ன குறைச்சல் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே கொல்லைக்குப் போனாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி, பின்னாலேயே போனேன்.

"என்னங்க. மீன் எல்லாம் மேல வந்து வாயத் தெறக்குது."

எட்டிப் பார்த்தேன். காலையில் தீனி போட்டபோது நான் கவனிக்கவில்லை. அறுபத்து நாலும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அவள் எச்.எம். என்று பெயர் வைத்திருந்த பெரிய கெண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. அவள் கையை விட்டதும் முதலில் வந்து விரலைத் தொடுகிற மீன் அது. இப்போது விரல் மேலே பட்டும் நகரவில்லை.

"எப்பயிருந்து இப்படி?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு," என்றேன். முந்தின நாள் நான் பார்க்கவேயில்லை.

"அமோனியா மருந்து எங்க?"

"இன்னைக்குக் காலையில டெஸ்ட் பண்ணினேன். அதோட தீந்துபோச்சு."

அவள் நோட்டை வாங்கித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, பதினெட்டு நாளையும் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அமோனியா ஒரு நாளும் மஞ்சள் காட்டல. துணி ரெண்டு தடவை மாத்திருக்கீக. கடினம் முந்நூத்தி இருவது, முந்நூத்திப் பத்து, முந்நூத்தி இருவத்தஞ்சு." நிமிர்ந்தாள். "எம்புட்டு ஒழுங்கா எழுதியிருக்கீக. நான் பயந்துகிட்டே இருந்தேன்."

இருபது வருஷ சர்வீசில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அப்பம் தண்ணியில கோளாறு இல்ல. செவுள்ல பூச்சி விழுந்திருக்கு. ஞானம் வீட்டுல ஒரு நோட்டீசுல படிச்சேன், இதே மாதிரிதான் வாயத் தெறக்குமாம்." எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு காகிதப் பொட்டலமும் லேபில் கழித்துப்போட்ட சின்னத் தராசும் இருந்தன. பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே நீலமாக மயில்துத்தம். தோட்டக்காரர்கள் செடிக்கு அடிக்கிற அதே துத்தம்தான்.

"அதைப் போட்டா மீன் சாகாதா?"

"அளவா போட்டா பூச்சிதான் சாகும். நம்ம தண்ணி கடினத் தண்ணி, துத்தத்தைப் பிடிச்சு வச்சுக்கிடும். முந்நூறுக்கு மேல இருக்கதனால ஒரு கிராம் தாங்கும். இதே மென்தண்ணின்னு வச்சுக்கோங்க, அரை கிராமே அம்புட்டு மீனையும் கொன்னுரும்."

தவசிமுத்து இறக்கிய நாலு டிரம்மும் என் கண் முன்னால் உருண்டன.

சொல்லியிருக்க வேண்டும். மென்தண்ணீர் என்று ஒரு வார்த்தை. நான் சொன்னது இது: "நாளைக்குப் போடுவமே."

"நாளைக்கு யாருக்குப் போட? அங்க பாருங்க."

ஒரு மீன் வயிறு மேலாகத் திரும்பியது. செத்த நேரத்தில் இன்னொன்று. அவள் தராசின் ஒரு தட்டில் ஒரு கிராம் எடையை வைத்தாள். மறு தட்டில் நீலத் தூளைத் தட்டித் தட்டி விழவைத்தாள். பழகிய கை.

"மொதல்ல அந்தப் பேராசிரியருக்கு ஒரு தந்தி குடுப்பமா? புதன்கிழமை வர வேண்டாம்னு?"

"அவரு எதுக்கு வராம இருக்கணும்? பதினெட்டு நாள் ரீடிங் இருக்கு. மீன் இருந்தாச் சரி." முள் நடுவுக்கு வந்தது. அவள் தூளை ஒரு சொம்புத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். தண்ணீர் வானம் மாதிரி நீலமானது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. மோட்டார் நின்றது. குழாயிலிருந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. மீன்கள் வாய் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மீனுக்குச் சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கிருபா சொம்போடு தொட்டியை நோக்கி நடந்தாள்.

ஊர் முழுக்கக் கிண்டல் பேசுகிற வாயில் ஒன்றும் வரவில்லை. அவளுக்கு முன்னால் ஓடிப்போய்த் தொட்டியில் ஒரு மக் தண்ணீர் மோந்தேன். துவைக்கிற கல்லில் கிடந்த சோப்பை எடுத்து, அந்தத் தண்ணீரில் கையை நனைத்துத் தேய்த்தேன்.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகக் கையில் ஒட்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அதற்காகச் சலித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது நுரை வந்தது. விரல் இடுக்கில் கிளம்பி, மணிக்கட்டு தாண்டி, முழங்கை வரைக்கும் வெள்ளை வெளேரென்று வழிந்தது. நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவள் எதிரே நின்றேன்.

அவள் நுரையைப் பார்த்தாள். சொம்பைப் பார்த்தாள். லேபில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொம்பை மெதுவாகச் சுவர் மேல் வைத்தாள். தொட்டியிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளி.

"மில்லு தண்ணியா?"

"ஆமா."

"எம்புட்டு?"

"நாலு டிரம்."

"அப்பம் நோட்டுல இந்த முந்நூத்தி இருவது?"

"நானா எழுதினது."

"அமோனியா?"

"பாட்டில் ரெண்டாம் நாளே ஒடைஞ்சு போச்சு."

"வேற?"

குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் விட்டு விட்டு வரும். என் உண்மையும் அப்படித்தான் வந்தது. "டிரம் நாறுச்சு. கல்லைக் கழுவினேன்."

"எதுல?"

"பிளீச்சிங் பவுடர்ல."

அவள் டிரம்மின் மூடியைத் திறந்து, துணியையும் கரியையும் விலக்கினாள். வெளுத்த கூழாங்கல் வெயிலில் பளபளத்தது. ஒரு கல்லை எடுத்து விரலால் தடவினாள். அந்தத் தடவலில் என்னைத்தான் அறைந்த மாதிரி இருந்தது.

"இதுல இருந்த வழுவழுப்புத்தான் இங்க வேலைக்காரன். மீனோட அமோனியாவைத் தின்னு செடிக்குச் சோறாக்குறது அதுதான். மூணு வருஷமா வளத்தேன்." கல்லை உள்ளே போட்டாள். "பூச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல. அதுக கழிச்சதை அதுகளே குடிச்சிக்கிட்டு நிக்கிதுக. குடத்தை எடுங்க."

அழகர் ராஜா வீட்டுக் கிணற்றில் மோட்டாருக்குக் கரண்டு இல்லை. கப்பியில்தான் இறைக்க வேண்டும். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏலே ஐயாதுரை, மில்லு தண்ணிக்காரன் எங்கிணத்துக்கு வந்துட்டியே. பதினெட்டு நாளா ஒரு குடம் எடுக்கலயே, மீனெல்லாம் உபவாசம்னுல்ல நெனச்சேன்."

"அண்ணே, மீன் சாகுது," என்றாள் கிருபா.

அவர் விசிறியைக் கீழே போட்டார். "ஏமே, பிந்தெ தே," என்று உள்ளே பார்த்துத் தெலுங்கில் குடம் கேட்டுக் குரல் கொடுத்தார். அவர் மனைவி இரண்டு குடத்தோடு வெளியே வந்தார். அழகர் ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

தொட்டியில் பாதிக்கு மேல் வாளியால் இறைத்துச் செடிகளுக்கு வெளியே கொட்டினோம். அதற்கு ஈடாகக் கிணற்றுத் தண்ணீர். அழகர் ராஜா இறைக்க, நான் சுமக்க, கிருபா ஊற்றினாள்.

"ஒசரத்துல இருந்து ஊத்தணும். காத்து கலக்கட்டும். ஒரேயடியா கொட்டிறாதீக, தாங்காது."

ஒவ்வொரு குடத்துக்கும் அவள் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாள். இந்த அமளியிலும் கணக்கு. இருபதாவது கோட்டில் என் தோள் கழன்றது. முப்பதாவதில் கால் பின்னியது. எனக்கு வயது நாற்பத்தி ரெண்டு, மில்லில் நான் தூக்குகிற ஆகக் கனமான சாமான் பேனா.

இதற்கு நடுவில் அவள் செடித் தொட்டியின் கடைக்கோடியில் கையை விட்டு, புதினா வேருக்கு அடியிலிருந்து பழுப்பேறிய சல்லியைக் கை கையாக அள்ளினாள். என் பிளீச்சிங் அந்த மூலைக்கு அவ்வளவாக எட்டியிருக்கவில்லை. முகர்ந்து பார்த்தாள். வெளுத்த கல்லுக்கு நடுவே அதைப் பொதிந்து வைத்தாள்.

"பிழைக்குமா?" என்றேன்.

"தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லணும்."

நாற்பத்தெட்டாவது கோட்டோடு நிறுத்தினோம். வெளிச்சம் மங்கும்போது கரண்டு வந்து மோட்டார் ஓடியது. அதுவரை நானும் அழகர் ராஜாவும் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்று, மக்கில் மோந்து மோந்து மேலேயிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். செத்த மீன்களைக் கிருபா ஒவ்வொன்றாக எடுத்து வாழை மரத்தடியில் வரிசையாக வைத்தாள். எச்.எம். ஐந்தாவது. அதை மட்டும் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தாள். நான் ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன். நல்லவேளை, வரவில்லை.

மறுநாள் காலை சர்ச்சுக்குப் போகவில்லை. நான் எழுந்து வந்தபோது கிருபா துவைக்கிற கல்லில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"கிருபா, நான் வேணா புது நோட்டு வாங்கி, இந்த மூணு வருஷத்தையும் அழகா பிரதி எடுத்துத் தரட்டா? இந்தப் பதினெட்டு நாளும் தெரியாத மாதிரி." நான் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அவள் உள்ளே போய் ஸ்கேலை எடுத்து வந்தாள்.

"புதன்கிழமை அவரு வருவாரு. உள்ளதைத்தான் காட்டணும்," என்றாள். ஸ்கேலை வைத்து இரண்டாம் நாள் முதல் பதினெட்டாம் நாள் வரைக்கும் ஒவ்வொரு வரியிலும் ஒரு கோடு இழுத்தாள். அடித்தாலும் அடியில் இருப்பது படிக்கும்படியான மெல்லிய கோடு. பேனாவை என்னிடம் நீட்டினாள். "ஒவ்வொண்ணுலயும் பார்க்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பதினாலாம் நாள்ல பிளீச்சிங்கையும் எழுதுங்க, மில்லு தண்ணியையும் எழுதுங்க."

எழுதினேன். பதினேழு தடவை. ஒரே பேனா. ஏற்றி இறக்க ஒன்றுமில்லை, பதினாலாம் நாளைத் தவிர எல்லா வரியும் ஒன்றுபோலவே இருந்தது. பதின்மூன்றாம் நாளில் அவள் விரலை வைத்தாள்.

"இந்த டீக்கறை?"

நான் பேனாவை அவளிடமே நீட்டினேன்.

"ஐயாதுரை." பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "இந்த டீக்கறையாவது நெசமா?"

"அதுவும் நான் வச்சதுதான்."

அவள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது, உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கறைக்குப் பக்கத்தில் தன் கையெழுத்திலேயே 'டீ, பொய்' என்று எழுதினாள்.

பிறகு புது வரி. தேதி போட்டாள். சூடு பார்த்துச் சொன்னேன், எழுதினாள். அமோனியாக் கட்டத்தில் 'மருந்து இல்லை' என்று எழுதினாள். கடைசிக் கட்டம் மீன் எண்ணிக்கை.

"எண்ணுங்க."

தொட்டி விளிம்பில் மண்டிபோட்டு எண்ணினேன். மீன்கள் கீழே போயிருந்தன, வாயை மூடியிருந்தன. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஓடின. எண்ணி முடிப்பதற்குள் எண்ணியதே மறுபடி வந்தது.

"எம்புட்டு?"

"நாப்பத்தேழு. இல்ல, நாப்பத்தாறு."

மில்லில் என்றால் இரண்டில் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

"செத்த நேரம் பொறு," என்றேன். "மறுபடி எண்ணுதேன்."

அவள் பேனாவை மூடாமல் காத்திருந்தாள். நான் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.